கப்பலில் வந்தவர், தமிழில் கலந்தவர்: அண்டிரிக் அடிகளார்

பள்ளிகொண்டாவிலிருந்து கடல் வெகு தூரம். நம் ஊரைத் தொட்டுச் செல்லும் பாலாறு வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம் என்று கிழக்கே நடந்து வயலூர் அருகேதான் கடலைக் காண்கிறது. கடலையே பார்க்காமல் வாழ்ந்து முடித்த பெரியவர்கள் நம் தெருக்களில் உண்டு. ஆனாலும் கடல்வழியே வந்த ஒரு மனிதருக்கு நாம் ஒவ்வொரு நாளும் கடன்பட்டிருக்கிறோம். காலையில் புரட்டும் செபப் புத்தகத்திலும், பிள்ளைகளின் பாட நூலிலும், சுவரில் மாட்டிய நாள்காட்டியிலும் தமிழ் எழுத்து அச்சாகி நிற்கிறது. அந்த எழுத்து முதன்முதலாக அச்சேறிய ஆண்டு 1578. அதற்குப் பின்னால் நின்றவர் போர்த்துக்கல் நாட்டு இயேசு சபைக் குரு ஹென்றிக் ஹென்றிக்கஸ். தமிழ் மக்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்று அழைத்தார்கள்.

அவரைத் தமிழ் அச்சின் தந்தை என்று பாராட்டுகிறோம். பாராட்டு சரிதான். ஆனால் அச்சு அவருடைய முதுமையில் விளைந்த கனி. அதன் விதை எங்கே விழுந்தது என்பதைத்தான் இன்று சிந்திக்க வேண்டும்.

சைகையில் தொடங்கிய சந்திப்பு

போர்த்துக்கீசியர் இந்தியாவுக்கு வருமுன் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆப்பிரிக்கக் கரையோரமாகவே தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சந்திப்புகளில் பலவும் வேதனையில் முடிந்தன. 1444ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பிடிக்கப்பட்ட 235 பேர், போர்த்துக்கலின் லாகோஸ் துறைமுகத்தில் இறக்கப்பட்டுப் பங்கு பிரிக்கப்பட்டனர். தாயும் பிள்ளையும் வெவ்வேறு பங்கில் போனார்கள். 1488இல் பார்த்தலோமேயு தியாஸ் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஒரு குடாவில் தண்ணீர் எடுக்க இறங்கினார். அங்கிருந்த மாடு மேய்ப்பவர்கள் கல் எறிந்தார்கள். அவர் வில்பொறியால் ஒருவரைக் கொன்றார்.

அதே குடாவுக்கு 1497இல் வாஸ்கோ ட காமா வந்தார். முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. அந்த மக்கள் குழலூதி ஆடினார்கள். மாலுமிகளும் படகில் ஆடினார்கள். மூன்று வளையல்களுக்கு ஒரு மாடு கிடைத்தது. சில நாட்களில் தண்ணீரை முன்னிட்டு மனத்தாங்கல் எழுந்தது. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. பீரங்கி முழங்கியது, மக்கள் ஓடி ஒளிந்தார்கள். போர்த்துக்கீசியர் கரையில் ஒரு கல்தூணும் சிலுவையும் நாட்டிவிட்டுப் புறப்பட்டனர். கப்பல் கண்ணை விட்டு மறையும் முன்பே அந்த மக்கள் இரண்டையும் இடித்துத் தள்ளினார்கள்.

இந்த நிகழ்ச்சியை நாம் மறக்கக் கூடாது. சிலுவை எதைக் குறிக்கிறது என்று சொல்ல அங்கே யாருக்கும் மொழி இல்லை. அந்த மேய்ப்பர்களின் கண்ணுக்கு அது பீரங்கியோடு வந்த மரம், அவ்வளவே.

அரசர்களோடு பேசிய இடங்களிலும் நிலைமை முழுமையாக மாறவில்லை. மத்திய ஆப்பிரிக்காவில் கொங்கோ நாட்டு மன்னர் 1491இல் திருமுழுக்குப் பெற்றார். அவர் மகன் அபொன்சு பக்தியுள்ள அரசர். அவரே 1526இல் போர்த்துக்கல் மன்னருக்குக் கடிதம் எழுதி, வணிகர்கள் தம் குடிமக்களையும் உறவினரையும்கூட அடிமைகளாகப் பிடித்துச் செல்வதாக முறையிட நேர்ந்தது. மறை வந்த அதே கப்பலில்தான் விலங்கும் வந்தது.

முத்துக்குளித்துறையில்

தமிழகத்தின் தென்கரைக்கு அந்தக் கப்பல்கள் 1520களில் வந்தன. தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு, வேம்பாறு என்று நீளும் அந்தக் கரையில் பரதவர் முத்துக் குளித்து வாழ்ந்தார்கள். கல்லைக் காலில் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆழத்தில் இறங்குவது அவர்கள். விலை வைப்பதும் வரி வாங்குவதும் மற்றவர்கள். 1530களில் முத்து வணிகர்களோடு கடும் பகை மூண்டபோது, பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். பாதுகாப்போடு திருமுழுக்கும் வந்தது. 1536, 1537ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் கிறிஸ்தவர் ஆனார்கள்.

ஆனால் அவர்களுக்குக் கற்பிக்க ஆள் இல்லை. தமிழ் அறிந்த குரு ஒருவரும் இல்லை. 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தபோதுதான் அவர்களைத் தேடி ஒருவர் வந்தார். உள்ளூர்க்காரர் சிலரின் உதவியோடு செபங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். அந்தத் தமிழில் பிழைகள் இருந்தன. விசுவாச அறிக்கையில் விசுவசிக்கிறேன் என்று வர வேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் புகுந்திருந்தது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதில் கடவுள் எனக்கு வேணும் என்று மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பொருள் வேறு. சவேரியாரே 1544இல் இதைக் கண்டு, திருத்தும்படி தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதினார்.

அதே காலக் கடிதங்களில் அவருடைய வேதனையும் தெரிகிறது. போர்த்துக்கீசிய அதிகாரிகளே மக்களைப் பிடித்துச் செல்வதும் கொள்ளை இலாபம் தேடுவதும் அவரைக் கலங்க வைத்தன. இந்தக் கரை மக்கள் ஆண்டுதோறும் கட்டிய வரியில் ஒரு பகுதி, போர்த்துக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதைக் கேட்டுப் பெற்று, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தரும் கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளமாக்கினார் சவேரியார். கணக்கப்பிள்ளை என்று அக்காலத்தில் சொன்னவர்களைத்தான் நாம் பின்னாளில் உபதேசியார் என்றோம்.

சவேரியாருக்கு முன்னால் கடல் விரிந்து கிடந்தது. அவர் மலாக்காவுக்கும் ஜப்பானுக்கும் போக வேண்டியிருந்தது. கரையிலேயே தங்க ஒருவர் தேவைப்பட்டார்.

ஒதுக்கப்பட்டவர் வருகிறார்

ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1520இல் போர்த்துக்கலின் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் யூதர்கள். யூத வழியில் வந்த கிறிஸ்தவர்களை அந்நாட்டில் புதுக் கிறிஸ்தவர் என்று தனியே பிரித்துச் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் இருந்தது. இளைஞர் ஹென்றிக் முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். அவருடைய வம்சம் தெரியவந்ததும் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. தான் செய்யாத ஒரு குற்றத்துக்காக, தன் இரத்தத்துக்காக அவர் ஒதுக்கப்பட்டார். சாதியின் பெயரால் ஒதுக்கப்படுவது என்னவென்று அறிந்த நம் மக்களுக்கு இந்த வலியை விளக்கத் தேவையில்லை.

கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றபின், 1545இல் புதிதாகத் தோன்றியிருந்த இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே கப்பல் ஏறினார். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கோவாவை அடைந்தார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். அப்போது வயது இருபத்தேழு. உடல்நலமும் அவ்வளவு நல்லதல்ல.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு பணியைத் தொடங்கினார். தமிழைக் கற்க முயன்றார்; முடியவில்லை. நாக்கு வளைய மறுத்தது. இது நமக்கு வராது என்று ஒருமுறை கைவிட்டும் விட்டார். இதை அவரே மறைக்காமல் ரோமிலிருந்த தம் சபையாருக்கு எழுதியிருக்கிறார். ஆனால் இன்னொருவர் வாய் வழியாகப் பேசுவது அவருக்கு ஒத்துவரவில்லை. தாம் சொன்னது என்ன, மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்ன என்று தெரியாமல் எப்படி நிம்மதியாக இருப்பது?

மறுபடி உட்கார்ந்தார். இம்முறை வழியை மாற்றினார். இலத்தீன் இலக்கணம் படித்த முறையிலேயே தமிழையும் பிரித்துப் பார்த்தார். வந்தேன், வருகிறேன், வருவேன் என்று வினை எப்படிக் காலம் காட்டுகிறது, பெயர் எப்படி வேற்றுமை ஏற்கிறது என்று அட்டவணை போட்டார். இரவும் பகலும் அதே வேலை. சில மாதங்களில் கதவு திறந்தது. 1548இல் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசினார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் காலமும் இடமும் தவறாமல் தமிழ் பேசுவதைக் கேட்டுக் கரை மக்கள் வியந்தார்கள்.

அவ்வாண்டு சவேரியார் கரைக்கு வந்தபோது, பின்னால் வருபவர்களுக்கும் உதவும்படி இலக்கணம் ஒன்று எழுதச் சொன்னார். அப்படி உருவானது போர்த்துக்கீசிய மொழியில் அமைந்த தமிழ் இலக்கணம். ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதி இன்று நம் கைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கணம் அதுவே. கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதை அறிஞர்கள் ஜீன் ஹெயினும் வ.ச. ராஜமும் ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார்கள். புலவர் தமிழை அடிகளார் அதில் தேடவில்லை. மீனவர் வீட்டிலும் வலைக்கருகிலும் கேட்ட பேச்சுத் தமிழையே எழுதி வைத்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கரையூரில் சாதாரண மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதை அறிய இன்று ஆய்வாளர்கள் அந்த ஏடுகளைத்தான் புரட்டுகிறார்கள்.

ஐம்பத்து மூன்று ஆண்டுகள்

1549இல் கரையின் பொறுப்பாளராக இருந்த அந்தோனி கிரிமினாலி அடிகளார் வேதாளையில் நடந்த தாக்குதலில் தம் மக்களை விட்டு ஓடாமல் நின்று உயிர் துறந்தார். அந்தப் பொறுப்பு அண்டிரிக் அடிகளாரின் தோளில் விழுந்தது. 1576 வரை அவர் அதைச் சுமந்தார்.

புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை அமைத்தார். அதைக் கரை மக்களின் உதவியே தாங்கியது. புதிதாக வரும் குருக்களுக்குத் தமிழ் கற்பித்தார். சபையினர் தங்களுக்குள் பேசும்போதும் தமிழிலேயே பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மறந்து போர்த்துக்கீசியத்தில் பேசினால் தண்டனையும் உண்டு. ஆட்சி செய்பவர்களின் மொழியைப் பேசினால் தண்டனை! அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள்.

1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டு வீழ்ந்தது. போர்த்துக்கீசியரோடு அடிகளாரும் சிறைப்பட்டு விலங்கில் கிடந்தார். விடுதலையானதும் அதே கரைக்குத் திரும்பினார். 1560இல் போர்த்துக்கீசியர் மன்னாரைப் பிடித்து, பாதுகாப்புக்கென்று பரதவரில் பலரை அங்கே குடியேற்றினார்கள். மக்களோடு அவரும் கடல் கடந்து மன்னாருக்குப் போனார். சில ஆண்டுகளில் மக்கள் திரும்பியபோது அவரும் திரும்பினார்.

ஒன்றை நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் பேரரசுக்கு வெளியே நின்றவர் அல்லர். அதன் கப்பலில் வந்தார். அதன் உதவித்தொகையில் வாழ்ந்தார். அதன் பீரங்கி நிழலில்தான் அவர் பணி நடந்தது. அக்கால ஐரோப்பியருக்குப் பிற சமயங்கள்மேல் இருந்த குறுகிய பார்வையும் அவருடைய எழுத்தில் உண்டு. அதிகாரிகள் மக்களை நெருக்கியபோது மேலிடத்துக்கு முறையிட்டு எழுதினார். ஆனாலும் முத்தின் வரி நிற்கவில்லை. ஒரு மனிதர் மொழி கற்றதால் வரலாற்றின் அநீதி மறைந்துவிடவில்லை. ஆனால் அந்தக் கரையில், மக்கள் தங்கள் குறையைத் தங்கள் சொல்லிலேயே சொல்லி, அதை அப்படியே புரிந்துகொள்ளும் ஒருவர் இருந்தார். இது சிறிய காரியம் அல்ல.

எழுத்து உலோகமான நாள்

கையால் எழுதிய ஓலைகள் போதவில்லை. 1554இலேயே லிஸ்பன் நகரில் இந்தியர் மூவரின் உழைப்பால் தமிழ்ச் செபங்கள் நூலாக அச்சாகியிருந்தன. ஆனால் அவை ரோமன் எழுத்தில் இருந்தன. நம் மக்களால் அதைப் படிக்க இயலாது. தமிழை அதன் சொந்த எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது அடிகளாரின் ஆசை.

கைத்தொழில் தெரிந்த ஜுவான் கொன்சால்வஸ் என்ற அருட்சகோதரர் 1577இல் கோவாவில் தமிழ் அச்செழுத்துகளை வார்த்தார். அவை திருப்தியாக அமையவில்லை. ஜுவான் தெ பாரியா அடிகளார் கொல்லத்தில் புதிய எழுத்துகளை உருவாக்கினார். 1578 அக்டோபர் 20ஆம் நாள், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. பதினாறே பக்கம். ஓலையில் எழுதும் வழக்கப்படி மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் நூலாக அச்சானது அதுவே முதல்முறை. அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டித் தந்தவர்கள் முத்துக்குளித்துறை மக்கள். மூச்சடக்கி ஆழத்தில் எடுத்த முத்தின் காசு தமிழ் எழுத்தாக மாறியது. அந்நூலின் படி ஒன்று இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. கேள்வியும் பதிலுமாக அமைந்த விரிவான மறைக்கல்வி நூல் அது. 1580இல் ஒப்புரவு அருளடையாளத்துக்கான கையேடு வெளியானது. 1586இல் அறுநூறு பக்கங்களுக்கு மேல் நீளும் ‘அடியார் வரலாறு’ வந்தபோது அடிகளாருக்கு வயது அறுபத்தாறு.

நாம் முன்பு பார்த்த கொங்கோ நாட்டை இங்கே நினைவுகூரலாம். அம்மக்களின் கிகோங்கோ மொழியில் இன்று நமக்குக் கிடைத்துள்ள பழைய மறைக்கல்வி நூல் 1624இல் லிஸ்பனில் அச்சானது. அங்கே திருமுழுக்குக்கும் அந்த நூலுக்கும் இடையே 130 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. முத்துக்குளித்துறையில் ஏறத்தாழ நாற்பதே ஆண்டுகள். ஒரே நாட்டுக் கப்பல்கள்தான்; ஒரே கொடிதான். இங்கே ஒரு மனிதர் கரையை விட்டுப் போகாமல் உட்கார்ந்து மொழி கற்றார். பணம் தந்து தோள் கொடுக்க ஒரு மக்கள் கூட்டமும் இருந்தது.

வேலூர் வரை வந்த வழி

கரையில் தொடங்கிய பழக்கம் உள்நாட்டுக்கும் வந்தது. அடிகளாரின் இறுதி நாட்களில், 1598இல், மயிலாப்பூரிலிருந்து இயேசு சபையினர் சந்திரகிரியில் இருந்த விசயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் அவைக்கு வந்தார்கள். தலைநகர் வேலூருக்கு மாறியபின் வேலூர்க் கோட்டைக்கும் வந்தார்கள். நம் பள்ளிகொண்டாவிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே அவர்களிடம் பீரங்கிக் கப்பல் இல்லை. மன்னரோடும் அறிஞரோடும் அமர்ந்து பேச வேண்டியிருந்தது, கேட்க வேண்டியிருந்தது. மதுரையில் தத்துவ போதகரும் பின்னர் வீரமாமுனிவரும் நடந்த பாதைக்கு முதல் கல் புன்னைக்காயலில் போடப்பட்டது.

அண்டிரிக் அடிகளார் 1600 பிப்ரவரி 6ஆம் நாள் புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். எண்பது ஆண்டு வாழ்வில் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அந்தக் கரையில் கழிந்தன. அவருடைய மறைவுக்குக் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, அருகூர் முஸ்லிம் மக்களும் துக்கம் காத்தார்கள் என்று சபையினரின் அக்காலக் கடிதங்கள் சொல்கின்றன.

நம் முன்னால் ஒரு கேள்வி

இன்று நம் பகுதிக்குக் கப்பல் வருவதில்லை, இரயில் வருகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் வந்து இறங்குகிறார்கள். வேலூர் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரையுள்ள தோல், காலணித் தொழிலிலும் கட்டட வேலையிலும் அவர்களைப் பார்க்கிறோம். ஏற்கெனவே தமிழும் உருதும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் மண் இது. ஆனாலும் அந்த இளைஞர்களோடு நம்மில் பலர் பேசுவது சைகையில்தான். கையைக் காட்டுகிறோம், விலையைச் சொல்கிறோம், வேலையை வாங்குகிறோம். அவன் பெயர் நமக்குத் தெரியாது. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மொழியில் சொல்வான் என்று நாம் யோசித்ததில்லை.

ஆப்பிரிக்கக் குடாவில் மாலுமிகளும் மேய்ப்பர்களும் ஒருநாள் சேர்ந்து ஆடினார்கள். ஆட்டம் போதவில்லை. ஒருவர் சொல்லை மற்றவர் கற்கவில்லை. ஆகவே நட்ட சிலுவை விழுந்தது. புன்னைக்காயலில் ஒருவர் தோற்றார், கைவிட்டார், மறுபடி உட்கார்ந்து வந்தேன், வருகிறேன், வருவேன் என்று சொல்லிப் பார்த்தார்.

இந்த வாரம் நமக்கு அடுத்து நின்று வேலை செய்பவரின் மொழியில் ஐந்து சொற்களைக் கற்றுக்கொள்வோம். உன் பெயர் என்ன, சாப்பிட்டாயா, வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்க அது போதும். நம் நாக்கும் முதலில் வளைய மறுக்கும். அண்டிரிக் அடிகளாருக்கும் அப்படித்தான் இருந்தது.